மீசைக்காரரை நம்பாத டிரைவர்

அன்று ஆண்டர்சன்பேட்டையில் முனிராஜுவின் ஷெட்டில் இருந்தவர்கள்: ஜீப் புரோக்கர் முனிராஜு. பம்ப் ஃபிட்டர் வேலையை விட்டு வந்த சூசை. சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலையை விட்டு வந்த நான். ஒரு டீசல் ஜீப். ஒரு பெட்ரோல் ஜீப். அப்புறம், திருப்பி.

கோலார் தங்கவயலில் திருப்பியைப் போல் சந்தேகப்படுகிற மனுஷன் அதற்கு முன் பிறக்கவில்லை. இனிமேலும் பிறக்கப்போவதில்லை. சூரியன் கிழக்கே வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவர் கிழக்கே பார்க்க மாட்டார். சொன்னவன் முகத்தைப் பார்ப்பார்.

"இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு."

அதனால்தான் அந்தப் பெயர். ஞானஸ்நானத்தில் வேறு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

டீக்கடைக்காரர் சர்க்கரை தீர்ந்துபோச்சு என்பார். திருப்பிச் சொல்லு என்பார் இவர். கடைக்காரர் இரண்டாம் தரம் சொல்லும்போது, "கொஞ்சம் கீதுண்ணா, மதியத்துக்கு வச்சிகினு கீறேன்" என்று வந்துவிடும். மனுஷர்கள் அப்படித்தான். சொன்னதையே இன்னொரு தரம் சொல்லச் சொன்னால் பயம் வந்துவிடுகிறது.

ஒரு முறை சுரங்க வாசலில் நடந்த கேட் மீட்டிங்கில் ஒரு யூனியன் தலைவர் பேசினார். சுரங்கம் மெல்ல மெல்லக் கையை விரித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு தொழிலாளியும் வீட்டுக்குப் போகமாட்டான் என்றார். முன்வரிசையில் நின்ற திருப்பி கையைத் தூக்கினார். திருப்பிச் சொல்லு.

"பெரும்பாலும் யாரும் போகமாட்டாங்க" என்றார் தலைவர்.

"திருப்பிச் சொல்லு."

"போனாலும் மரியாதையாத்தான் போவாங்க."

மூன்றாம் தரம் கேட்பதற்குள் தலைவர் காரில் ஏறிவிட்டார். அன்றைக்கு எங்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதிலிருந்து திருப்பிக்குத் துப்பறிகிறவர் என்று பெயரும் வந்துவிட்டது.

சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருவார். பிரசங்கம் முடிகிறவரை பாஸ்டரின் வாயை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். பாஸ்டர் நல்ல மனுஷர். ஆனாலும் எத்தனை நேரம் தாங்குவார். வாரத்துக்கு வாரம் பிரசங்கம் குறைந்துகொண்டே வந்தது. சபையார் திருப்பிக்கு அதற்காக மனசுக்குள் நன்றி சொன்னார்கள்.

வெற்றிலை போட்டுக்கொண்டு பேசினால், "துப்பிட்டு வா" என்பார். முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் ஆகாது. எங்கே போனாலும் சுவரில் முதுகை வைத்துத்தான் நிற்பார். தூரத்தில் இரண்டு பேர் பேசிச் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று முடிவு கட்டுவார்.

எல்லாவற்றிலும் பெரிய சந்தேகம் மீசைமேல். "மீசைக்காரன நம்பாதே. வாய மூடி வச்சிகினு கீறவன் மனசுல இன்னா வச்சினு கீறானோ."

எனக்கு அப்போது பெரிய மீசை. மேலுதட்டை மூடிக் கீழுதட்டுக்கு இறங்கி வந்திருந்தது. நான் அதிகம் பேசுகிறவனும் இல்லை. ஆகவே திருப்பி என்னிடம் நேராகப் பேச மாட்டார். நான் சொல்வதைச் சூசை கேட்டு அவருக்குச் சொல்ல வேண்டும். சூசைக்கு மீசையே முளைக்கவில்லை. அவன் அதை ஒரு குறையாக நினைத்திருந்தான். திருப்பிக்கு அது ஒரு நற்சாட்சி.

இத்தனை சந்தேகப்படுகிறவரின் கையில்தான் எங்கள் உயிர் இருந்தது. நந்திதுர்க் சுரங்கத்து ஷாஃப்டில் அவர் வைண்டிங் டிரைவர். எங்களைக் கூண்டில் வைத்துப் பூமிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர். கீழே வேலை நடக்கிற லெவலில் நிற்கிற ஆள் ஒரு கம்பியை இழுப்பான். மேலே இன்ஜின் ரூமில் இரும்பு மணி அடிக்கும். அந்த இரும்பு, டிரைவர் உட்காருகிற இடத்துத் தகட்டிலேயே பொருத்தியிருந்தது. ஓடும்போது ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் உள்ளே இருப்பது கல் இல்லை, ஆள். பார்த்து எடு.

திருப்பி எங்களை முட்டைக் கூடையை இறக்குகிற மாதிரி இறக்குவார். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஒன்று மட்டும் எல்லோருக்கும் வேடிக்கை. வேலையில் உட்கார்ந்ததும் இடது கால் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். வெறுங்காலைத் தகட்டில் வைத்துக்கொள்வார். அதிகாரி கேட்டால், கால் எரியுது என்பார். எரிவது இடது கால் மட்டும்.

பிறகு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைவர் மூன்றாம் தரம் சொன்ன மாதிரி, மரியாதையாக. கையில் ஒரு தொகை கொடுத்தார்கள். மூன்று பேரும் அதை ஒன்றாகப் போட்டு ஒரு ஜீப் வாங்கலாம் என்று சூசைதான் சொன்னான்.

யோசனை நல்லதுதான். மலைக்கு அந்தப் பக்கம் சில ஊர்கள். பஸ் கிடையாது. ரோடும் கிடையாது. பாறை, பள்ளம், நடுவில் ஒரு ஓடை. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் போகும். தக்காளிக் கூடையும் ஆளுமாக ராபர்ட்சன்பேட்டை சந்தைக்குக் கொண்டுவந்து சேர்த்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டியைத் தப்பாக வாங்கினால் எங்கள் மூன்று வீட்டுக்கும் வேறு வழி இல்லை. மூன்று பேரில் லைசென்ஸ் இருந்தது திருப்பியிடம் மட்டும். சின்ன வயதில் எடுத்து வைத்திருந்தார். அவர் ஓட்டமாட்டேன் என்றால் ஜீப் எங்களுக்கு ஒரு இரும்புக் கட்டில்.

இப்படித்தான் நாங்கள் முனிராஜுவின் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

முனிராஜுவுக்கு என்னுடையதைவிடப் பெரிய மீசை. வாயில் வெற்றிலை வேறு. திருப்பி அவரைப் பார்த்ததும் அரை அடி பின்னால் போனார்.

"நோடிண்ணா, பாருங்க. இது டீசல். பழைய பாடியில டீசல் இன்ஜின் எறக்கினது. மெல்லப் போனாலும் இழுக்கும். மலை ஏறும். டீசல் வெலையும் கம்மி. அது பெட்ரோல். எஸ்டேட் வண்டி. சத்தமே வராது. ஆனா குடிக்கும். உங்க தொழிலுக்கு டீசல்தான்."

"துப்பிட்டு வந்து சொல்லு" என்றார் திருப்பி.

முனிராஜு துப்பிவிட்டு வந்து சொன்னார். அப்போதும் மீசை இருந்தது. திருப்பி சூசையைப் பார்த்தார். சூசை எல்லாவற்றையும் தமிழிலிருந்து தமிழுக்கே மொழிபெயர்த்தான்.

திருப்பி டீசல் ஜீப்பில் ஏறினார். இடது கால் செருப்பைக் கழற்றிக் கீழே வைத்தார். வெறுங்காலைத் தகட்டில் ஊன்றினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் தடதடவென்று பிடித்தது. ஸ்டியரிங் ஆடியது. கண்ணாடி ஆடியது. திருப்பியின் கன்னம் ஆடியது.

"டிம்பர பின்னாடி போய் ஒரு தட்டு தட்டச் சொல்லு" என்று சூசையிடம் சொன்னார். டிம்பர் என்றால் நான். தட்டினேன்.

"தட்டச் சொல்லுப்பா."

"தட்டிட்டான்ணா."

மறுபடியும் தட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்படியே ஆஃப் செய்துவிட்டு இறங்கினார்.

"இது வாணாம்."

"ஏன்?"

"புகை."

"புகை பின்னாடிதானேண்ணா போவுது? நாம முன்னாடி போறோம்."

"டீசல்ல மண்ணெண்ணெய் கலக்கறான்."

"பெட்ரோல்லயும்தான் கலக்கறான்."

"பெட்ரோல்ல கலந்தா மோந்து பாத்துக் கண்டுபிடிக்கலாம்."

சூசை என்னைப் பார்த்தான். முனிராஜு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். திருப்பி மூன்று பேர் வாயையும் பார்த்தார்.

சரி, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று பெட்ரோல் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனோம். இதிலும் இடது செருப்பைக் கழற்றினார். வண்டி பூனை மாதிரி போனது. பின்னாலிருந்து நான் விரலால் தட்டினாலே நிறுத்தினார். பாறைமேல் ஏற்றினார். பள்ளத்தில் இறக்கினார். மனுஷன் முகத்தில் சிரிப்பு வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஓடையில் இறங்கியதும் வண்டி நின்றது. பெட்ரோல் இன்ஜினில் பொறி பிடிக்கிற இடம் நனைந்தால் அவ்வளவுதான். டீசலுக்குப் பொறியே வேண்டாம், தண்ணீரில் போய்க்கொண்டே இருக்கும். இதைச் சூசை முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவருக்கு விளக்கிச் சொன்னான். நானும் அவனும் தள்ளினோம். பாறைமேல் நின்றிருந்த ஓர் எருமை கடைசிவரை இருந்து பார்த்துவிட்டுப் போனது.

கரையேறியதும் திருப்பி சொன்னார்: "வண்டி நல்லா கீது. இதையே வாங்கிடலாம்."

சூசை வீட்டுக்குப் போகிற வழியில் என் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"டிம்பர், இதுல கமிஷன் கீது."

"யாருக்கு?"

"யாருக்கா? ஓடையில நின்னுபோன வண்டிய நல்ல வண்டின்னு எவனாவது சொல்வானா? எஸ்டேட்காரன் ஏதோ குடுத்துட்டான். ஊரையே சந்தேகப்பட்டவன் ஏன் சந்தேகப்பட்டான்னு இப்பத்தான் தெரியுது. தன்னப்போலவே பிறரையும் நெனச்சிகினு கீறான்."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. இரண்டு பேர் சம்பாத்தியத்தையும் அவர் பேச்சை நம்பித்தான் வைக்கப்போகிறோம். அவரைக் கொஞ்சம் கவனி என்றான் சூசை. கவனித்தேன்.

மறுநாள் மதியம் திருப்பி வீட்டிலிருந்து வெளியே வந்தார். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் அவர் வீட்டு வெள்ளாடு. இரண்டு பேரும் ஆண்டர்சன்பேட்டை பக்கமாக நடந்தார்கள். இடையிடையே நின்று திரும்பிப் பார்த்தார். நான் ஒரு கடை வாசலில் பாத்திரம் வாங்குகிற மாதிரி நின்றேன். போய்ச் சூசையிடம் சொன்னேன்.

"ஆட்ட வச்சி இன்னா பண்றான்?"

"தெரியல."

"முனிராஜுவுக்குக் குடுக்கறான். டீசல் வண்டிய வேற யாருக்காவது தள்ளிவுட்டுடுன்னு. போய்ப் பாரு."

போனேன். முனிராஜு சாப்பிட்டுத் தூங்கப் போயிருந்தார். ஷெட் கதவு திறந்து கிடந்தது. ஆடு டீசல் ஜீப்புக்குள் பின்பக்கம் கட்டியிருந்தது. திருப்பி முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்றேன்.

ஆட்டுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. பின்னங்காலால் தகட்டை உதைத்தது. திருப்பி கண்ணை மூடிக்கொண்டு இடது காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு விரலை நீட்டி வைத்திருந்தார். ஆடு உதைத்தது. விரல் அசையவில்லை. ஆடு மறுபடி உதைத்தது. விரல் அசையவில்லை. இன்ஜினை நிறுத்தினார். ஆடு உதைத்தது. விரல் உடனே உயர்ந்தது. மறுபடி இன்ஜினைப் போட்டார். ஆடு உதைத்து உதைத்துக் களைத்துப்போனது. விரல் அப்படியே இருந்தது.

இன்ஜினை நிறுத்திவிட்டு நெற்றியை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டார்.

ஷெட் அமைதியாக இருந்தது. "அண்ணா" என்றேன்.

ஆடு என்னைப் பார்த்தது.

"அண்ணா" என்று கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். தெருவில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார். ஆடு கத்தியது. திருப்பி தலையைத் தூக்கவே இல்லை.

இந்த மனுஷன்தான் என்னைத் தினமும் பூமிக்குள் இறக்கினவர். மணி அடிக்கிறது கேட்காமல். காலால்.

மரம் முட்டுக் கொடுக்கும்போது ஒரு முட்டு சரியாக உட்கார்ந்தால் மற்றதெல்லாம் தானாக உட்காரும். அப்படி எல்லாம் வந்து உட்கார்ந்தது. பூட்ஸ். வெற்றிலை. முதல் பெஞ்ச். திருப்பிச் சொல்லு. மீசை.

பயந்துபோய் நின்றேன் என்பது உண்மை. ஆனால் அத்தனை வருஷத்தில் ஒருநாளும் கூண்டு அதிர்ந்ததில்லை என்பதும் உண்மை. இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைக் கொடுத்துவிட்டு எங்களை இறக்கியிருக்கிறார். வெளியே தெரிந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். இப்போது தெரிந்தால் ஜீப்பும் போகும். சுரங்கத்து இன்ஜின் எவ்வளவு இரைந்தாலும் தகடு ஆடாது; டீசல் ஜீப்பில் தகடு முழுக்க நடுங்குகிறது. காலுக்கு எதுவும் கேட்காது. அதனால்தான் பெட்ரோல்.

சத்தமில்லாமல் வந்துவிட்டேன். சத்தம் போட்டிருந்தாலும் ஒன்றும் இல்லை. அது பிறகுதான் தோன்றியது.

"இன்னா பண்றான்?" என்றான் சூசை.

"ஒண்ணுமில்ல. கமிஷன் கிமிஷன் ஒண்ணும் கெடையாது."

"அப்ப ஆடு?"

"ஆட்ட ஜீப்புல ஏத்தினா ஒத்துக்குமான்னு பாக்கறாரு. சந்தைக்கு ஆடும் வருமில்ல."

சூசை என்னை ஒரு மாதிரி பார்த்தான். "உனக்கு எவ்ளோ குடுத்தான்?"

நேராகச் சலூனுக்குப் போனேன். மீசையை எடு என்றேன். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "யாருண்ணா?" என்றார். செத்தது யார் என்று கேட்கிறார். யாரும் இல்லை என்றேன். நம்பாமல்தான் எடுத்தார். தெருவில் வருகிறபோது தெரிந்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். வீட்டில் என் மனைவி கதவைத் திறந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா நல்லாத்தானே கீறாரு?"

"நல்லா கீறாரு."

"அப்ப இன்னாத்துக்கு எடுத்த? எவ சொன்னா?"

அந்தச் சந்தேகம் அவளுக்கு இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

மறுநாள் ஷெட்டில் கூடினோம். திருப்பி என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"மீச எங்க?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"வெக்கை."

"மார்கழியிலயா?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு நேராக நின்று, மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். டீசலே வாங்கலாம். ஓடையும் இருக்கிறது, மலையும் இருக்கிறது, பெட்ரோல் கட்டாது. டீசல் சத்தத்தில் பின்னால் தட்டுவது எந்த டிரைவருக்கும் கேட்காது. ஆகவே ஒரு கயிறு கட்டுவோம். பின்னாலிருந்து உங்கள் இடது தோள்வரை. சுரங்கத்துக் கணக்குப்படி இழுப்போம். ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் பின்னால் லாரி வருகிறது, வழி விடு. மூன்று என்றால் ஆள் ஏறியாச்சு. நானே பின்னால் வருகிறேன்.

என் ஆயுசில் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

"கயிறா?" என்றான் சூசை. "ஒரு பெல் வச்சா போச்சு."

"பெல்லு பாட்டரி திங்கும். கயிறு எதையும் திங்காது."

"நீ ஏன் பின்னாடி போற? நீ சைக்கிள் கடை வைக்கறேன்னுதானே சொன்ன? ஓட்டறது அண்ணன், வசூல் நானு, நீ பங்கு மட்டும்னுதானே பேச்சு?"

"காத்தாட இருக்கும்."

சூசைக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. திருப்பியின் பதிலுக்கு நான் காத்திருந்தேன். திருப்பிச் சொல்லு என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"சரி" என்றார். "டீசலே இருக்கட்டும்."

செருப்பைக் கழற்றாமல் ஏறி உட்கார்ந்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு கழற்றிவிட்டார். பழக்கம்.

அந்த ஜீப் சுரங்கம் மூடிய பிறகும் ஓடியது. மலைக்கு அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எங்கள் கயிற்றுக் கணக்கு மனப்பாடம். தக்காளிக் கூடையை ஏற்றிவிட்டு, "ஏம்பா, மூணு இழு" என்று பெண்களே அதட்டுவார்கள். ஒரு நாள் குடித்துவிட்டு வந்த ஒருவர் கயிற்றைப் பிடித்து ஒன்பது இழுத்துவிட்டார். திருப்பி வண்டியை நிறுத்தி, இறங்கி, சுற்றிக்கொண்டு பின்னால் வந்தார்.

"ஒன்பது இன்னாத்துக்கு?"

"சும்மாண்ணா."

"எந்த ஷாஃப்டுல ஒன்பது? திருப்பிச் சொல்லு."

அந்த ஆள் இறங்கி நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார். போதை மலை ஏறுவதற்குள் இறங்கிவிட்டதாம்.

இன்னொரு நாள் ஒரு ஆடு கயிற்றைக் கவ்விக்கொண்டது. வண்டி பத்தடிக்கு ஒரு தரம் நின்றது. நின்றபின் கிளம்பியது. ஜனங்கள் பின்னால் உருண்டு உருண்டு எழுந்தார்கள். "யாரு இழுக்கறது?" என்று முன்னாலிருந்து குரல். ஆட்டின் சொந்தக்காரர் வாயைத் திறக்கவில்லை. திருப்பி வந்து ஆட்டின் வாயைப் பார்த்தார். அதற்குத் தாடி இருந்தது. அன்றிலிருந்து தாடியையும் சேர்த்துக்கொண்டார்.

அந்த வண்டியில் ஒரே ஒரு நாள் பயந்தேன். மலை இறங்கிச் சந்தைக்குப் போகிற குவாரி ரோட்டில், கல் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி எங்களுக்குப் பின்னால் இறக்கத்தில் வந்தது. பிரேக் இல்லை. லாரி டிரைவர் ஹாரன்மேல் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. அந்தச் சத்தத்துக்கு மலையில் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டன. திருப்பி அமைதியாகப் போய்க்கொண்டிருந்தார். நான் இரண்டு இழுத்தேன். உடனே வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் பாறைமேல் ஏறி நின்றது. லாரி உரசிக்கொண்டு போனது.

உள்ளே பதினான்கு பேர் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூச்சு வந்ததும் ஒருவர் முன்னால் போய்க் கேட்டார்.

"ஏம்பா டிரைவரு, அவ்ளோ ஹாரன் அடிச்சான், அவ்ளோ நேரம் நகரவே இல்லியே? காது கேக்கலியா உனக்கு?"

எல்லோரும் திருப்பியைப் பார்த்தார்கள். சூசையும் பார்த்தான். திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"எங்க வண்டியில ஹாரனுக்கு நகரக்கூடாது" என்றேன். "கயிறுக்குத்தான் நகரணும். சட்டம்."

"இன்னா சட்டம்?"

திருப்பி நிமிர்ந்தார். "மைன்ஸ் சட்டம். மணி வராம கூண்டு நகராது. கண்ட சத்தத்துக்கெல்லாம் நகந்தா இத்தினி பேரு உயிரோட கீறது எப்படி?"

கேட்டவர் தலையாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். சூசை மட்டும் கயிற்றைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். என் மீசை இருந்த இடத்தைப் பார்த்தான். அதன்பின் அவனும் அவரிடம் பேசும்போது முன்னால் போய் நின்றுதான் பேசினான்.

அன்று சந்தையில் ஆளை இறக்கிவிட்டு நானும் திருப்பியும் மட்டும் திரும்பினோம். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை.

அவர் தோளைத் தொட்டேன். "இன்னா சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க."

வண்டியை நிறுத்திவிட்டார். என்னையே பார்த்தார்.

"உனக்குமா?"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது அவருக்கு. ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"டீசல் சத்தம்ணா" என்றேன், அவர் பக்கம் திரும்பி.

"அதான் அன்னிக்கே பெட்ரோல் வாங்கலாம்னு சொன்னேன்" என்றார்.

அவ்வளவுதான். அதன்பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. முதலில் என்ன சொன்னார் என்றும் சொல்லவில்லை.

பிற்பாடு அவருக்குக் கண்ணும் மங்கியது. கண் போனால் வாயைப் பார்க்க முடியாது. அவரே சாவியைக் கொண்டுவந்து, அதற்குள் லைசென்ஸ் எடுத்திருந்த சூசையின் கையில் கொடுத்தார். மகள் பெங்களூரில் இருந்தாள், கூட்டிப்போக வந்தாள். ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிக்கெட் எங்கே கொடுப்பான், எப்போது கொடுப்பான், மீதியைத் தருவானா என்று மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்டக்டருக்கு மீசை.

"மீச வளக்கலியா?" என்று என்னைக் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஏன்?"

"வெக்கை."

நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. டிரைவர் ஏறி இன்ஜினைப் போட்டார். அதுவும் டீசல். பஸ் முழுக்க நடுங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடது கால் செருப்பு கழன்று சீட்டுக்கு அடியில் கிடந்தது.

அவர் ஜன்னலுக்குக் கீழே தகட்டில் பழைய கணக்குப்படி கையால் தட்டினேன். தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன். பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே கை வந்தது. விரல்களை நீட்டினார்.

மூன்று.